'சட்ட வல்லுநர்கள் கருத்து'ன்னு போடுறீங்களே, அவங்க எதை வச்சு சொல்றாங்கன்னும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய தீர்ப்பு ஒண்ணு வந்துச்சுன்னா மறுநாள் உங்க பேப்பர்ல பாக்ஸ் கட்டி 'சட்ட வல்லுநர்கள் கருத்து'ன்னு நாலு பேர் போட்டோவோட போடுறீங்க. ரெண்டு பேர் வரவேற்பாங்க, ரெண்டு பேர் ஏமாற்றம்னு சொல்வாங்க, அதோட அந்த விஷயம் முடிஞ்சு போச்சு. நான் ஒரு வக்கீல் ஆபீஸ்ல டைப்பிஸ்ட், ரொம்ப வருஷமா இதே வேலைதான், அதனால மத்த பக்கத்த புரட்டிட்டு போனாலும் அந்த பாக்ஸ மட்டும் விடாம படிச்சிடுவேன். படிச்சு முடிச்சா ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருக்கும், இவங்க இதை எதை வச்சு சொல்றாங்க? தீர்ப்ப முழுசா படிச்சுட்டு சொல்றாங்களா, இல்ல நிருபர் போன்ல ரெண்டு வரி சொன்னத கேட்டுட்டு சொல்றாங்களா, அந்த சட்டத்துல இதுவரைக்கும் எத்தனை கேஸ் போட்டாங்க, அதுல எத்தனை நின்னுச்சு, எத்தனை ஊத்திக்கிச்சுன்னு யாராவது எண்ணிப் பாத்திருக்காங்களா? ஒண்ணும் இருக்காது.

ஆனா உக்காந்து எண்ணிப் பாக்குற ஆளுங்க நம்ம நாட்டுல இருக்காங்க சார். லா காலேஜ்ல பாடம் எடுக்கறவங்க, ஆராய்ச்சி அமைப்புல வேலை பாக்கறவங்க, ஆயிரக்கணக்கான தீர்ப்ப ஒவ்வொண்ணா படிச்சு அட்டவணை போட்டு எழுதுறாங்க. அந்த எழுத்து ஜட்ஜ்மென்ட்ல போகுது, சட்டத்த என்ன மாத்தலாம்னு மத்திய அரசுக்கு யோசனை சொல்ற சட்ட கமிஷன் அறிக்கைல போகுது, பார்லிமென்ட் வரைக்கும் போகுது, உங்க பேப்பருக்குள்ள மட்டும் வர்றதே இல்ல. அதுக்குத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், இடம் பத்தலைன்னு வெட்டினாலும் போக்சோ, அதாவது குழந்தைங்கள பாலியல் குற்றத்துல இருந்து காப்பாத்தற சட்டம், அதைப் பத்தி எழுதியிருக்கறத மட்டும் விட்டு வைங்க.

எங்க ஆபீஸ்ல டைப் ஆகுற போக்சோ பெயில் பெட்டிஷன்ல ஒரு வகை உண்டு. பழைய பைல திறந்து பேர், வயசு, கிரைம் நம்பர் மூணையும் மாத்தினா புது பெட்டிஷன் ரெடி, அந்த அளவுக்கு ஒரே கதை. பொண்ணுக்கு 17, பையனுக்கு 19 இல்லன்னா 20. பொண்ணு வீட்ட விட்டு போயிடும், அப்பா ஸ்டேஷன்ல போய் கம்ப்ளைன்ட் கொடுப்பாரு, முதல்ல கேர்ள் மிஸ்ஸிங்னு எஃப்ஐஆர் ஆகும். ரெண்டு மூணு வாரத்துல எங்கேயாவது ஒரு ஊர்ல ரூம் எடுத்து தங்கி இருக்கறப்ப பிடிச்சு கூட்டிட்டு வருவாங்க, பொண்ண மெடிக்கலுக்கு அனுப்புவாங்க, ஸ்கூல் சர்டிபிகேட்ட வச்சு வயசு முடிவாகும், ஆல்டரேஷன் ரிப்போர்ட் போட்டு செக்ஷன் மாறும், பையன் உள்ள போயிடுவான். பொண்ணு மேஜிஸ்ட்ரேட் முன்னாடி ஸ்டேட்மென்ட் கொடுக்கும், நானாத்தான் போனேன், யாரும் கட்டாயப்படுத்தலன்னு. அது பெயில் கேக்கறதுக்கு உதவுமே தவிர சட்டத்துக்கு அது கணக்குலயே இல்ல, 18 முடியலைன்னா சம்மதம்னு ஒண்ணு கிடையாது. அந்த பொண்ணு கர்ப்பமா இருந்தா நிலைமை இன்னும் மோசம், அது தீவிரக் குற்றத்துல போயிடும், 2019 திருத்தத்துக்கு அப்புறம் அதுக்கு குறைஞ்சபட்ச தண்டனையே 20 வருஷம். இருபது. பையனுக்கே அப்ப வயசு அவ்வளவுதான் இருக்கும்.

அப்புறம் கேஸ் விசாரணைக்கு வரும், வர்றதுக்குள்ள வருஷம் ஓடியிருக்கும், பெரும்பாலும் ரெண்டு பேருக்கும் கல்யாணம் முடிஞ்சு கைக்குழந்தையோட கோர்ட் வராண்டாவுல நிப்பாங்க. பொண்ணு கூண்டுல ஏறி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லும், பிபி, அதாவது அரசு வக்கீல், எழுந்து பிறழ் சாட்சின்னு, அதாவது முன்னாடி சொன்னத மாத்திச் சொல்ற சாட்சின்னு, அறிவிக்க சொல்வாரு, விடுதலை. நடுவுல பையன் ஜெயில்ல இருந்தது, வேலை போனது, வாய்தாவுக்கு வாய்தா அலைஞ்சது, பொண்ண வீட்டுக்கு அனுப்பாம ஹோம்ல வச்சிருந்தது, இது எதுவும் அந்த விடுதலை தீர்ப்புல ஒரு வரி கூட வராது.

இதை நான் சொன்னா ஒரு டைப்பிஸ்ட் பாத்த நாலு பைல், அதுக்கு மேல மதிப்பு இல்ல, இருக்கவும் கூடாது. ஆனா பெங்களூர்ல என்ஃபோல்ட்னு ஒரு அமைப்பு இதையே வேலையா எடுத்து பண்ணி 2022ல ஆய்வு வெளியிட்டாங்க. அசாம், மகாராஷ்டிரா, மேற்கு வங்கம் மூணு மாநிலத்துலயும் 2016ல இருந்து 2020 வரைக்கும் வந்த 7,064 போக்சோ தீர்ப்ப எடுத்து பாத்ததுல 1,715 காதல் கேஸ், அதாவது நாலுல ஒண்ணுக்கு கொஞ்சம் கம்மி. அந்த காதல் கேஸ்ல பத்துக்கு ஒன்பதுக்கு மேல விடுதலைல முடிஞ்சிருக்கு. எங்க ஆபீஸ் பைல்ல நான் பாக்குற கதை மூணு மாநிலத்துலயும் அப்படியே நடக்குதுன்னு அந்த ஒரு அட்டவணை சொல்லிடுச்சு.

இந்த மாதிரி ஆய்வ படிக்கறப்ப அடுத்த கேள்வியையும் கேக்கணும், காதல் கேஸ்னு எதை வச்சு முடிவு பண்ணாங்க? தீர்ப்புல எழுதியிருக்கறத வச்சுத்தான், அதுக்கு வேற வழியும் கிடையாது. ஆனா தீர்ப்புல 'நாங்க விரும்பினோம்'னு இருக்கறதெல்லாம் நிஜமாவே விருப்பமா, இல்ல வெளில நடந்த பேச்சுவார்த்தைல அப்படி சொல்லச் சொன்னாங்களா, அந்த பொண்ணுக்கு திரும்பி போக வேற வீடு இல்லாததால சொல்லுச்சா, அது பேப்பர்ல தெரியாது. எங்க ஆபீஸுக்கு வர்றதுலயே ரெண்டு விதமும் உண்டு. 17 வயசு பொண்ணும் 34 வயசு ஆளும்னா அதையும் காதல்னு பெட்டிஷன்ல எழுதத்தான் செய்வாங்க, எழுதுறது வக்கீல் வேலை, டைப் அடிக்கறது என் வேலை.

இதனாலதான் 2023 செப்டம்பர்ல சட்ட கமிஷன் கொடுத்த 283வது அறிக்கை எனக்கு முக்கியமா பட்டுச்சு. கர்நாடக ஐகோர்ட் இந்த வயசு விஷயத்த யோசிக்க சொல்லி கேட்டதுல ஆரம்பிச்சது அது. கமிஷன் என்ன சொல்லுச்சுன்னா, சம்மத வயச 18ல இருந்து குறைக்க வேணாம், குறைச்சா குழந்தைக் கல்யாணத்துக்கும் கடத்தலுக்கும் எதிரா பண்ற வேலை கெட்டுப் போகும், ஆனா 16க்கும் 18க்கும் நடுவுல இருக்கற பொண்ணு விரும்பி போன கேஸா இருந்தா தண்டனை விஷயத்துல நீதிபதிக்கு வரையறையோட ஒரு அதிகாரம் கொடுத்து சட்டத்த திருத்துங்கன்னு சொல்லுச்சு. பேப்பர்ல வந்தது முதல் பாதி மட்டும்தான், 'வயச குறைக்க கூடாது'. ரெண்டாவது பாதிலதான சார் விஷயமே இருக்கு? அதுவும் சரியான வழியான்னு எனக்கு சந்தேகம்தான், ஏன்னா தண்டனைங்கறது கடைசி நாள் சமாச்சாரம், கைதும் ஜெயிலும் முதல் வாரத்துலயே முடிஞ்சிடுது, கடைசில நீதிபதி இரக்கப்பட்டு என்ன ஆகப் போகுது. ஆனா அந்த சண்டைய போடணும்னா முதல்ல அறிக்கைல என்ன இருக்குன்னு ஜனங்களுக்கு தெரியணும் இல்லையா.

இதுல நம்ம மெட்ராஸ் ஐகோர்ட்டுக்கும் பெரிய பங்கு இருக்கு. 2019லயே நீதிபதி பார்த்திபன் ஒரு தீர்ப்புல 16 வயசுக்கு மேல விரும்பி நடக்கறத போக்சோல இருந்து எடுக்கலாமான்னு யோசனை சொல்லியிருந்தாரு, 2021ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இந்த சட்டம் இந்த மாதிரி பசங்களுக்காக கொண்டு வந்தது இல்லன்னு சொல்லி ஒரு கேஸ ரத்தே பண்ணாரு. அப்படி இருந்தும் மேல சொன்ன ஆய்வுல நம்ம மாநிலம் இல்ல பாருங்க, மூணும் வேற மாநிலம். உங்க கிட்ட மாவட்டத்துக்கு மாவட்டம் நிருபர் இருக்காங்க, தினமும் கோர்ட்டுக்கு போறாங்க, ஒரே ஒரு மாவட்டத்து மகளிர் கோர்ட் தீர்ப்ப ஒரு வருஷத்துக்கு எடுத்து, பேர் அடையாளம் எதுவும் வராம, எத்தனை எந்த வகைன்னு எண்ணிப் பாத்து போட்டா அது எவ்வளவு பெரிய நியூஸ். ஒரு சட்டப் பேராசிரியர கூட சேத்துக்கிட்டா வேலை இன்னும் சுத்தமா இருக்கும்.

இந்த மாதிரி எழுத்தெல்லாம் காலேஜ் லைப்ரரில தூசி பிடிக்கறதுக்குன்னு நினைச்சீங்கன்னா மதுரா வழக்க கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கங்க. 1972ல மகாராஷ்டிராவுல ஒரு ஆதிவாசி சிறுமிய போலீஸ் ஸ்டேஷன் வளாகத்துலயே ரெண்டு போலீஸ்காரங்க நாசம் பண்ண கேஸ். கீழ் கோர்ட் விடுதலை, ஐகோர்ட் தண்டனை, 1978ல சுப்ரீம் கோர்ட் திரும்பவும் விடுதலை. உடம்புல காயம் இல்ல, கத்தி கூப்பாடு போட்டதா தெரியல, அதனால சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க. அடுத்த வருஷம் செப்டம்பர்ல நாலு சட்ட ஆசிரியர்கள், உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார், தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினாங்க. பயத்துல அடங்கிப் போறதும் சம்மதிக்கறதும் ஒண்ணா, ஸ்டேஷன் கதவ உள்பக்கம் பூட்டினதுக்கு அப்புறம் அந்த பொண்ணு எப்படி எதிர்க்கணும்னு எதிர்பாக்கறீங்கன்னு சட்டத்த வச்சே கேட்டாங்க. சுப்ரீம் கோர்ட் தீர்ப்ப மாத்திக்கல. ஆனா அந்த கடிதம் வெளில பரவி, பெண்கள் அமைப்புங்க 1980ல தெருவுக்கு வந்து, சட்ட கமிஷன் 84வது அறிக்கை கொடுத்து, 1983ல சட்டமே மாறிடுச்சு. காவல்ல இருக்கற பொண்ணு நான் சம்மதிக்கலன்னு கோர்ட்ல சொன்னா அதைத்தான் முதல்ல எடுத்துக்கணும், மாத்தி நிரூபிக்கறது எதிர்த்தரப்பு பொறுப்புன்னு வந்தது அப்பதான். பாதிக்கப்பட்டவங்க பேர வெளியிடக் கூடாதுன்னு நீங்க இன்னைக்கும் கடைப்பிடிக்கறீங்களே, அந்த சட்டமும் அதே திருத்தத்துல வந்ததுதான். நாலு வாத்தியாருங்க எழுதின லெட்டர் அது. அத மக்கள் கிட்ட கொண்டு போனதுல பத்திரிகைக்கும் பங்கு இருந்துச்சு, இப்ப ஏன் அந்த வேலைய விட்டுட்டீங்க?

இன்னொண்ணு நம்ம ஆளுங்களுக்கு சுவாரசியமா இருக்கும். அரசியல் சாசனத்தோட அடிப்படைக் கட்டமைப்பு அப்படின்னு அடிக்கடி எழுதுறீங்க இல்லையா, பார்லிமென்ட் எவ்வளவு மெஜாரிட்டி வச்சிருந்தாலும் அதுல கை வைக்க முடியாதுன்னு. 1973ல கேசவானந்த பாரதி வழக்குல 13 நீதிபதி உக்காந்து 7க்கு 6ன்னு முடிவு பண்ணது. அந்த யோசனையோட ஒரு வேர் 1965ல காசி இந்து பல்கலைக்கழகத்துல ஒரு ஜெர்மன்காரர், டீட்ரிச் கான்ராட்னு பேரு, பேசின ஒரு உரைல இருக்கு. அதுல அவரு சும்மா சில கேள்வி கேட்டாரு, திருத்தம் பண்ற அதிகாரத்துக்கு வரம்பே இல்லன்னா சாசனத்தோட முதல் பிரிவ திருத்தி இந்தியாவ தமிழ்நாடு, ஹிந்துஸ்தான்னு ரெண்டா பிரிக்கலாமா, உயிருக்கான உரிமைய எடுத்துடலாமா, மறுபடியும் மொகலாய பேரரசர் ஆட்சிய கொண்டு வரலாமான்னு. தமிழ்நாடுன்னு அவரு உதாரணம் எடுத்தது அந்தக் காலத்துல ஏன்னு நம்மளுக்கு சொல்லவே வேணாம். அந்த உரை நம்ம மெட்ராஸ் ஐகோர்ட்ல பேர் வாங்கின எம்.கே. நம்பியார் கைக்கு வந்து, அவரு 1967ல இதே திருத்த அதிகாரத்த பத்தின கோலக்நாத் வழக்குல அதை வாதமா வச்சாரு, அப்ப கோர்ட் அதை முடிவு பண்ணாம விட்டுடுச்சு, ஆறு வருஷம் கழிச்சு கேசவானந்த பாரதி வழக்குல நீதிபதி கன்னா தன் தீர்ப்புல கான்ராட் பேரையே போட்டு எடுத்துக்காட்டினாரு. ஒரு வகுப்பறைல கேட்ட கேள்வி இன்னைக்கு வரைக்கும் எல்லா அரசாங்கத்துக்கும் வேலி போட்டு வச்சிருக்கு.

அந்தரங்க உரிமை 2017ல ஒன்பது நீதிபதி தீர்ப்பா வந்தப்ப முதல் பக்கத்துல போட்டீங்க. அந்த தீர்ப்பு பேசுற பழைய கட்டுரை ஒண்ணு இருக்கு, 1890ல வாரன், பிராண்டைஸ்னு ரெண்டு அமெரிக்க வக்கீலுங்க ஹார்வர்ட் சட்ட இதழ்ல எழுதினது, அடுத்தவன் வீட்டு விஷயத்த கிளறி போட்டோவோட போடுறாங்கன்னு பத்திரிகைக்காரங்கள திட்டி எழுதினது அது. உங்க தொழில திட்டினதுல இருந்துதான் இந்த உரிமையே ஆரம்பிச்சுதுன்னு ஒரு பெட்டிச் செய்தியாவது போட்டிருக்கலாம்.

இதெல்லாம் பெரிய தத்துவம். எனக்கு இதை விட பிடிச்சது சின்ன வேலை பண்ற ஆய்வுங்க, சட்டம் மாறினது தரைல நடக்கறவனுக்கு தெரிஞ்சுதான்னு போய் பாக்கறது. ஐடி சட்டத்துல 66ஏ பிரிவு, ஃபேஸ்புக்ல என்னமோ எழுதிட்டான்னு பிடிச்சு உள்ள போட்டாங்களே, அதை 2015 மார்ச் 24ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. எல்லாரும் கொண்டாடினாங்க, நீங்களும் தலையங்கம் எழுதியிருப்பீங்க. 2018ல அபினவ் சேக்ரி, அபார் குப்தான்னு ரெண்டு வக்கீலுங்க ஒரு ஆய்வு கட்டுரை எழுதினாங்க, செத்துப் போன அந்த பிரிவுல போலீஸ் இன்னும் கேஸ் போட்டுட்டே இருக்கு, கோர்ட்டுங்களும் விசாரிச்சுட்டே இருக்குன்னு. அதை வச்சு பியுசிஎல்ங்கற மக்கள் உரிமை அமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு, 2019ல தீர்ப்பு நகல எல்லா ஐகோர்ட்டுக்கும் தலைமைச் செயலாளருங்களுக்கும் அனுப்ப சொன்னாங்க, அப்படியும் நிக்கல, 2021ல திரும்ப போனாங்க, நீதிபதிங்களே அதிர்ச்சியா இருக்குன்னு சொன்னாங்க, 2022 அக்டோபர்ல தான் யாரையும் இந்த பிரிவுல விசாரிக்கவே கூடாதுன்னு கறாரா உத்தரவு வந்துச்சு. ரத்து பண்ணதுக்கும் இதுக்கும் நடுவுல ஏழு வருஷம்.

டெல்லில இருக்கறவங்களுக்கு இது ஆச்சரியம், எனக்கு துளி கூட ஆச்சரியம் இல்ல. ஸ்டேஷன்ல, கோர்ட்ல, வக்கீல் ஆபீஸ்ல எல்லா இடத்துலயும் வேலை நடக்கறது பழைய ஃபைல காப்பி பண்ணித்தான். கம்ப்யூட்டர்ல ஒரு மாதிரி இருக்கும், அதுல பேர மாத்துவோம், செக்ஷன யாரும் தொட மாட்டாங்க, சீனியர் கண்ணுல பட்டாதான் மாறும். 2024 ஜூலை 1ல இருந்து ஐபிசிங்கற பழைய தண்டனைச் சட்டம் போய் பிஎன்எஸ்ங்கற புதுசு வந்தப்ப எத்தனை பெட்டிஷன் பழைய நம்பரோட போய் ரிட்டர்ன் ஆச்சுன்னு எந்த டைப்பிஸ்ட்ட கேட்டாலும் சொல்வாங்க. பிஎன்எஸ்ஸோட சேந்து வந்த மூணு புது குற்றவியல் சட்டத்துக்கு முன்னாடி ஒரு குழு போட்டாங்க, டெல்லி சட்டப் பல்கலைக்கழக துணைவேந்தர் தலைமைல, சட்டப் பேராசிரியருங்க இருந்த குழு. அவங்க என்ன பரிந்துரை பண்ணாங்கங்கற அறிக்கைய மசோதா வர்றதுக்கு முன்னாடி நம்ம பார்வைக்கே வைக்கல. இதைப் பத்தி நீங்க ஒரு நாள் கூட கோவப்பட்டு நான் பாக்கல சார்.

சரி, ஆய்வுன்னு சொன்னாலே தலைல தூக்கி வச்சுக்கணும்னு நான் சொல்லல. அதுலயும் கலப்படம் உண்டு, நிறையவே உண்டு. அமெரிக்காவுல பெரிய சட்ட இதழ்ங்க எல்லாம் ஸ்டூடன்ட்ஸ் நடத்துறது, எந்த கட்டுரைய போடலாம்னு முடிவு பண்றது ரெண்டாம் வருஷம் மூணாம் வருஷம் படிக்கற பசங்க, டாக்டருங்க ஜர்னல் மாதிரி அதே துறை ஆளுங்க படிச்சு சரி பாத்து போடுறது அங்க கட்டாயம் இல்ல. நம்ம நேஷனல் லா ஸ்கூல் இதழ்ங்களும் பெரும்பாலும் அந்த வழில வந்ததுதான். பசங்க நல்லாத்தான் பண்றாங்க, அடிக்குறிப்பு ஒண்ணு விடாம சரி பாப்பாங்க, ஆனா ஒருத்தர் புள்ளிவிவரத்த தப்பா கூட்டியிருந்தா கண்டுபிடிக்க அவங்களுக்கு பயிற்சி இருக்கணும்னு கட்டாயம் இல்ல. இது போக காசு கட்டினா எதையும் போடுற ஜர்னல் வேற இருக்கு, பிரமோஷனுக்கு கணக்கு காட்ட அதுல எழுதறவங்களும் இருக்காங்க, ஒரு கட்டுரைய படிச்சுட்டு அடுத்தத படிச்சா முதல்ல படிச்ச பாராவே திரும்ப வரும்.

காசு விஷயத்துல ஒரு உதாரணம் சொல்றேன். 1989ல அலாஸ்கா கடல்ல எக்ஸான்ங்கற எண்ணெய் கம்பெனியோட எக்ஸான் வால்டெஸ் கப்பல்ல இருந்து எண்ணெய் கொட்டி கடற்கரையே நாசமாச்சு. அபராத இழப்பீடா 500 கோடி டாலர் கொடுக்கணும்னு 1994ல ஜூரி, அதாவது கேஸ கேட்டு முடிவு சொல்ற பொதுமக்கள் குழு, சொன்னாங்க. கம்பெனி மேல மேல அப்பீல் போய் 2008ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. இந்த நடுவுல ஜூரிங்க இழப்பீட்ட தாறுமாறா தீர்மானிக்கறாங்கன்னு வரிசையா ஆராய்ச்சிக் கட்டுரைங்க வந்துச்சு, நல்ல நல்ல பல்கலைக்கழகத்து பேராசிரியருங்க எழுதினதுதான். நீதிபதிங்க தீர்ப்புல ஒரு அடிக்குறிப்புல சொல்லிட்டாங்க, இந்த ஆய்வுக்கு எக்ஸான் கொஞ்சம் பணம் கொடுத்திருக்கு, அதனால நாங்க இதை நம்பி எடுத்துக்கல அப்படின்னு. இழப்பீட்ட 50 கோடி டாலர் சொச்சமா குறைச்சுட்டாங்கங்கறது வேற கதை, கம்பெனி வேற வாதத்துலயே ஜெயிச்சிடுச்சு. ஆனா காசு யாரு கொடுத்தாங்கன்னு கேக்கற அந்த பழக்கம் இருக்கு பாருங்க, அது நம்ம பேப்பர்ல 'சட்ட வல்லுநர்' பாக்ஸ்ல சுத்தமா இல்ல. டிவில உக்காந்து ஒரு கம்பெனி சட்டத்த பத்தி நடுநிலையா பேசுறவரு மறுநாள் காலைல அதே கம்பெனிக்கு ஆஜர் ஆவாரு, அன்னைக்கு கோர்ட்ல வர்ற கேஸ் பட்டியல், காஸ் லிஸ்ட், அதுல அவரு பேர் இருக்கும், நாங்க பாத்துட்டு சிரிச்சுக்குவோம், வாசகருக்கு எப்படி தெரியும்?

தீர்ப்பு எண்ணுற ஆய்வுக்கும் ஒரு கண்ணு தெரியாத பக்கம் இருக்கு, அதையும் எழுதணும். தீர்ப்பு ஆனதுதான் எண்ணிக்கைல வரும். ஸ்டேஷன்லயே பேசி முடிச்சது வராது, கம்ப்ளைன்டே எடுக்காம திருப்பி அனுப்பினது வராது, வருஷக்கணக்கா வாய்தாவுல கிடக்கறது வராது. வெப்சைட்ல ஏத்தாத தீர்ப்பும் வராது. அப்ப நூத்துக்கு இத்தனைன்னு சொன்னா எந்த நூறுன்னு கேக்கத் தெரியணும். நல்ல ஆய்வுல இதை அவங்களே எழுதியிருப்பாங்க. டெல்லி சட்டப் பல்கலைக்கழகம் 2016ல தூக்குத் தண்டனை கைதிங்கள பத்தி போட்ட ரிப்போர்ட்ல 373 கைதிங்கள நேர்லயே பாத்து பேசி எழுதினாங்க, அதுல முக்கால்வாசிப் பேர் பொருளாதாரத்துல நலிஞ்சவங்கன்னு வந்துச்சு, எத்தனை பேர பாத்தாங்க எத்தனை பேர பாக்க முடியலன்னு கூட கணக்கு கொடுத்திருந்தாங்க. அந்த மாதிரி இருந்தா நம்பலாம்.

இதெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, பாதி காசு கட்டினாதான் திறக்குது, அதனால நாங்க என்ன பண்றதுன்னு நீங்க கேக்கலாம். 2020ல சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தப்ப இதே பிரச்சினைதான், மத்திய அரசு இங்கிலீஷ்லயும் இந்திலயும் போட்டுட்டு கருத்து சொல்லுங்கன்னுச்சு. டெல்லி ஐகோர்ட் அரசியல் சாசனத்தோட எட்டாவது அட்டவணைல இருக்கற எல்லா மொழிலயும் கொடுங்கன்னு உத்தரவு போட்டா அரசு அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அரசாங்கம் அப்படித்தான் இருக்கும். 2014லயே ஒரு கொள்கை முடிவு எடுத்தாங்க, எந்த மசோதாவையும் கொண்டு வர்றதுக்கு முன்னாடி குறைஞ்சது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கணும், சாதாரண ஆளுக்கு புரியற மாதிரி விளக்கக் குறிப்பும் போடணும்னு. எத்தனை மசோதாவுக்கு அந்த விளக்கக் குறிப்ப நீங்க பாத்திருக்கீங்க? இப்ப சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு தமிழ்ல வருது, நல்ல விஷயம்தான், ஆனா மெஷின் பண்ணத ஆளு திருத்தின அந்த நடைய படிச்சு முடிக்கறதுக்குள்ள இங்கிலீஷே தேவலைன்னு ஆயிடுது. அரைப் பக்கத்துல சாதாரண ஆளுக்கு புரியற மாதிரி சொல்றது உங்களுக்கு கைவந்த தொழில், கோர்ட்டுக்கு அது வராது.

நான் கேக்கறது பெரிய சப்ளிமென்ட் இல்ல. கிரிக்கெட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்கு, அதுல கை வைக்க வேணாம். ஒரு சட்டம், ஒரு தீர்ப்பு, ஒரு மசோதா பத்தி நியூஸ் போடுறப்ப அதைப் பத்தி ஏற்கனவே யாராவது ஆய்வு பண்ணியிருக்காங்களான்னு டெஸ்க்ல ஒருத்தர் தேடிப் பாக்கட்டும், இருந்தா எத்தனை கேஸ பாத்தாங்க, எந்த ஊர் கோர்ட்டு, யாரு செலவு பண்ணாங்க, எது அதுல தெரியாதுன்னு அஞ்சாறு வரி போடுங்க. சட்ட கமிஷன் அறிக்கை வந்தா தலைப்புக்கு கீழ ரெண்டாவது பாதியையும் போடுங்க. நம்ம ஊர் லா காலேஜ்ல பிஎச்டி பண்ற பிள்ளைங்க என்ன எழுதுறாங்கன்னு ஒரு தடவ நிருபர அனுப்பி கேட்டுப் பாருங்க, பாவம், கைடும் பரிட்சகரும் தவிர அதை படிச்ச ஆள் கிடையாது.

அந்த வல்லுநர் பாக்ஸ நிறுத்த வேணாம், அவங்க போட்டோவும் இருக்கட்டும். பேருக்கு கீழ 'மூத்த வழக்கறிஞர்'னு போடுற இடத்துல, இந்த விஷயத்துல அவரு எந்த கட்சிக்காரருக்கு ஆஜர் ஆகியிருக்காருன்னு இன்னும் ஒரே ஒரு வரி சேத்துக்கங்க. யாருக்கும் ஆஜர் ஆகலைன்னா அதையும் போடுங்க, அவருக்கும் மரியாதைதான்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட்